சிக்குண்ட மரமும் சிதறாத கொத்துகளும்: டேவிட் குவாமனின் ‘தி டேங்கில்ட் ட்ரீ’ நூலை முன்வைத்து

படித்து முடித்ததும் ஏதோ ஒரு பெரிய சுவர் இடிந்து விழுந்துவிட்டது போன்ற உணர்வைத் தரும் அறிவியல் நூல்கள் சில உண்டு. டேவிட் குவாமன் 2018இல் வெளியிட்ட ‘தி டேங்கில்ட் ட்ரீ’ அப்படிப்பட்டது. ‘தி சாங் ஆஃப் தி டோடோ’, ‘ஸ்பில்ஓவர்’ போன்ற நூல்களை எழுதியவர் என்பதால் குவாமன் நம்மில் பலருக்குப் பழக்கமான பெயர்தான். கோவிட் காலத்தில் ‘ஸ்பில்ஓவர்’ நூலைத் தேடி வாசித்தவர்கள் நிறைய பேர். கடினமான விஷயத்தைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காட்டும் ஆற்றல் அவருக்கு உண்டு. இந்த நூலிலும் அதில் குறையில்லை.

நூலின் சாரத்தைச் சொல்வது எளிது. டார்வின் காலத்திலிருந்து உயிர்களின் வரலாற்றை நாம் ஒரு மரமாக வரைந்து வந்திருக்கிறோம். அடிமரம், கிளை, கிளையிலிருந்து கிளை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு மட்டுமே மரபு இறங்கும் என்பது அந்தப் படத்தின் அடிப்படை. ஆனால் மரபணுக்கள் பக்கவாட்டிலும் பயணிக்கின்றன. ஒரு பாக்டீரியா தனக்கு எந்த உறவும் இல்லாத இன்னொன்றிடமிருந்து மரபணுவை வாங்கிக்கொள்ள முடியும். அப்படியானால் கிளைகள் பிரிவது மட்டுமல்ல, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளவும் செய்கின்றன. மரம் சிக்கலாகிவிட்டது. இங்கிருந்து நூல் தன் முடிவுக்குப் போகிறது: சிற்றினம், தனி உயிர், மரம் ஆகிய மூன்று கருத்துகளும் நாம் நினைத்த அளவுக்கு உறுதியானவை அல்ல.

மரத்தைப் பற்றி அவர் சொல்வதில் எனக்கு அதிகம் வழக்கில்லை. தனி உயிர் பற்றிய விவாதம் வேறு திசையில் போகக்கூடியது, அதை இங்கே தொடவில்லை. என் வழக்கு முதலாவதோடுதான். பாக்டீரியாவில் சிற்றினம் என்ற ஒன்று கரைந்து போய்விட்டது என்ற எண்ணத்தை இந்த நூல் வாசகர் மனதில் ஆழமாகப் பதித்துவிடுகிறது. நம் சூழலிலும் இந்த எண்ணம் வேகமாகப் பரவியிருக்கிறது. ‘பாக்டீரியாவுக்கு எல்லையே கிடையாது, அது ஒரே மரபணுக் கடல்’ என்று நண்பர்கள் உற்சாகமாகச் சொல்லக் கேட்கிறேன். கேட்க அழகாக இருக்கிறது. எல்லாம் ஒன்றே என்ற பழைய தத்துவத்துக்கு அறிவியல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலவும் இருக்கிறது. ஆனால் மரபணுத்தொகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் இது இல்லை.

வோஸும் ஃபிலிம் தாள்களும்

முதலில் நூலின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். இதன் மையப் பாத்திரம் கார்ல் வோஸ். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, ரைபோசோமில் உள்ள ஓர் ஆர்என்ஏ மூலக்கூறைத் துண்டு துண்டாக வெட்டி, அத்துண்டுகள் எக்ஸ்ரே ஃபிலிமில் விட்டுச் சென்ற கரும்புள்ளிகளை வருடக்கணக்கில் ஒளிமேசை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். எல்லா உயிர்களிலும் ரைபோசோம் உண்டு. அதன் வேலை மாறுவதில்லை என்பதால் அதன் ஆர்என்ஏ மிக மெதுவாகவே மாறும். ஆகவே உறவுமுறையைக் கணக்கிட அது நல்ல அளவுகோல். 1977இல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், பாக்டீரியா என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தவற்றில் ஒரு பகுதி பாக்டீரியாவே இல்லை என்று அறிவித்தார்கள். பின்னாளில் ஆர்க்கியா என்ற பெயர் பெற்ற மூன்றாவது பேரரசு அது.

இந்தக் கதையைக் குவாமன் சொல்லும் விதம் அற்புதம். வோஸின் தனிமை, அவருடைய கசப்பு, தனக்குரிய இடம் கிடைக்கவில்லை என்று கடைசிவரை அவருக்கிருந்த மனத்தாங்கல், டார்வின் மீதே அவர் கொண்ட எரிச்சல் எல்லாம் ஒரு நாவலின் பாத்திரம் போல எழுந்து வருகின்றன. அதே போல, மருந்துக்குக் கட்டுப்படாத தன்மை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கதையும் விறுவிறுப்பானது. ஃபோர்ட் டூலிட்டில் 1999இல் வரைந்த, கிளைகள் குறுக்கும் நெடுக்குமாக இணையும் அந்தப் பிரபலமான படத்துக்குப் பின்னால் இருந்த விவாதங்களும் தெளிவாக வந்திருக்கின்றன.

அந்தப் படத்தைப் பார்த்ததும் நமக்கு ஆலமரம் நினைவுக்கு வரும். ஆனால் ஆலம் விழுது தரைக்குத்தான் இறங்குகிறது, பக்கத்து வேப்பமரத்துக்குள் நுழைந்து அதன் சாற்றில் கலப்பதில்லை. பாக்டீரியா உலகில் நடப்பது அதுதான். உவமை கிடைக்காத அளவுக்கு விசித்திரமான ஒன்றை விளக்க வேண்டிய கட்டாயம் குவாமனுக்கு. அதில் பெரும்பாலும் வென்றிருக்கிறார்.

ஒரே பெயர், வேறு வேறு சரக்கு

சிற்றினம் கரைந்துவிட்டது என்று சொல்பவர்களின் கட்சியை அதன் முழு வலுவோடு வைத்துப் பார்ப்போம். அதற்கு ஈ. கோலையை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. நம் எல்லோர் குடலிலும் குடியிருக்கும் பாக்டீரியா அது.

ஆய்வகங்களில் வளர்க்கப்படும் சாதுவான கே-12 வகையின் மரபணுத்தொகை 1997இல் முழுமையாக வெளியானது. சுமார் 46 லட்சம் எழுத்துகள், ஏறக்குறைய 4,300 மரபணுக்கள். 2001இல் ஓ157:எச்7 வகையின் தொகை வெளியானது. சரியாக வேகாத மாட்டிறைச்சி வழியாகப் பரவி, ரத்தக் கழிச்சலையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும் வகை. அதில் சுமார் 55 லட்சம் எழுத்துகள். கே-12இல் இல்லாத மரபணுக்கள் மட்டும் 1,387. அடுத்த ஆண்டு, சிறுநீர்ப் பாதையைத் தாக்கும் சிஎஃப்டி073 என்ற மூன்றாவது வகையையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். மூன்றின் புரதங்களையும் ஒரே பட்டியலாக்கினால், மூன்றுக்கும் பொதுவானவை வெறும் 39.2 சதவீதம்.

இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் மனதில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மனிதனையும் சிம்பன்ஸியையும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய எல்லா மரபணுக்களும் இரண்டு பக்கமும் இருக்கும், எழுத்துகளில்தான் வேறுபாடு. இங்கேயோ ஒரே பெயர் கொண்ட மூன்று பாக்டீரியாக்களின் சரக்குப் பட்டியலில் பாதி கூட ஒத்துப்போகவில்லை. 2005இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற பாக்டீரியாவின் எட்டு வகைகளை ஒப்பிட்ட குழு இன்னொன்றையும் கண்டது. ஒவ்வொரு புதிய வகையை வரிசைப்படுத்தும்போதும் முன்பு காணாத மரபணுக்கள் சராசரியாக 33 வந்து சேர்கின்றன. கணக்குப்படி பார்த்தால் இந்தப் பட்டியல் முடிவதே இல்லை. பான்ஜீனோம் என்ற சொல் இப்படித்தான் வந்தது: எல்லா வகைகளிலும் உள்ள மையத் தொகை ஒன்று, சிலவற்றில் மட்டும் இருக்கும் உதிரித் தொகை ஒன்று.

இதையெல்லாம் கேட்ட பிறகு ‘அப்ப சிற்றினம்னு எதைச் சொல்றீங்க?’ என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். உயிரியல் பாடத்தில் படித்த விளக்கமும் இங்கே உதவாது. தமக்குள் இனப்பெருக்கம் செய்து, பிற கூட்டங்களோடு செய்யாத கூட்டமே சிற்றினம் என்று எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் சொன்னார். பாக்டீரியா இரண்டாகப் பிளந்துதான் பெருகுகிறது. அதற்குத் துணையே தேவையில்லை.

குவாமன் ஏறத்தாழ இந்த இடத்தில் நின்றுவிடுகிறார். ஆனால் கதையின் மறுபாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால்

‘எந்தெந்த மரபணுக்கள் இருக்கின்றன’ என்பது ஒரு கேள்வி. ‘இரண்டிலும் இருப்பவை எவ்வளவு ஒத்திருக்கின்றன’ என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்லும் அளவுதான் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை, சுருக்கமாக ஏஎன்ஐ. செய்முறை எளிமையானது. ஒரு மரபணுத்தொகையைச் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் மற்றதில் மிகவும் பொருந்தும் இடத்தைத் தேட வேண்டும். பொருந்திய துண்டுகளில் எத்தனை சதவீத எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றன என்று பார்த்து, சராசரி எடுக்க வேண்டும். பொருந்தாத துண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் வேலை மென்பொருள். உயிரியலில் எனக்குப் பட்டம் கிடையாது. ஆனால் இந்தத் துறையின் பெரிய அழகு, தரவும் கருவியும் எல்லோருக்கும் திறந்து கிடப்பது. அமெரிக்க அரசின் தரவுத்தளத்திலிருந்து மரபணுத்தொகைகளை இறக்கிக்கொள்ளலாம். ஃபாஸ்ட்ஏஎன்ஐ என்ற நிரலும் இலவசம். சாதாரண மடிக்கணினியில் இரண்டு பாக்டீரியாக்களை ஒப்பிடச் சில நொடிகள் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். கே-12, ஓ157 இரண்டுக்கும் இடையே ஒற்றுமை சுமார் 98 சதவீதம். கே-12, சால்மொனெல்லா இரண்டுக்கும் இடையே 80க்குச் சற்று மேல். யார் ஓட்டினாலும் இதேதான் வரும். செய்து பார்க்கச் சொல்லி வாசகர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன். ஒரு விவாதத்தைப் படிப்பதும் அதன் எண்ணைத் தன் திரையில் பார்ப்பதும் ஒன்றல்ல.

சரக்குப் பட்டியலில் அவ்வளவு வேறுபட்ட இரண்டு வகைகளும் பொதுப் பகுதியில் 98 சதவீதம் ஒன்றாக இருக்கின்றன. சரி, ஓர் எண்ணை வைத்து என்ன முடிவுக்கு வருவது? இங்கேதான் எண்ணிக்கை பலம் வேண்டும். குவாமனின் நூல் வெளியான அதே 2018இல், ஃபாஸ்ட்ஏஎன்ஐயை உருவாக்கிய சிராக் ஜெயின், கோன்ஸ்டான்டினிடிஸ் முதலானோர் ஏறத்தாழ 90,000 மரபணுத்தொகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட முடிவை வெளியிட்டார்கள். மொத்தம் சுமார் 800 கோடி ஜோடிகள். மரபணுக்கள் கட்டுப்பாடில்லாமல் கலந்துகொண்டே இருந்தால் என்ன எதிர்பார்ப்போம்? 80, 85, 90, 95, 99 என்று ஒற்றுமை எல்லா அளவிலும் பரவிக் கிடக்க வேண்டும். ஆனால் அப்படி இல்லை. 99.8 சதவீத ஜோடிகள் ஒன்று 95க்கு மேல் இருந்தன, அல்லது 83க்குக் கீழே இருந்தன. நடுவில் கிட்டத்தட்ட வெற்றிடம்.

கடல் என்று சொன்னார்களே, அது கடலாக இல்லை. தீவுகள் இருக்கின்றன, தீவுகளுக்கு நடுவே தண்ணீர் இருக்கிறது. ‘எல்லைகள் மங்கிவிட்டன’ என்று ஒரு நூல் அறிவித்த ஆண்டிலேயே, எல்லைகள் இவ்வளவு கூர்மையாக இருப்பது ஏன் என்று இன்னொரு கூட்டம் குழம்பிக்கொண்டிருந்தது. ஒரே ஆண்டில் வெளிவந்த தாளை நூலில் சேர்த்திருக்க முடியாதுதான். ஆனால் இந்தக் கருத்து அன்று புதிதல்ல. கோன்ஸ்டான்டினிடிஸும் ஜேம்ஸ் டீஜியும் 2005லேயே, வெறும் 70 மரபணுத்தொகைகளை வைத்து, இதே இடைவெளியைக் காட்டியிருந்தார்கள்.

ஒட்டும் மறுசேர்க்கை, தாவும் மரபணு

இடைவெளி ஏன் வருகிறது? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது. குவாமன் தவறவிட்டதாக நான் நினைப்பதும் இதைத்தான்.

பாக்டீரியாக்கள் மரபணுக்களை மாற்றிக்கொள்வதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, தன்னிடம் இல்லாத புது மரபணுவை வெளியிலிருந்து பெறுவது. பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்கள் வழியாகவோ, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் வழியாகவோ அது வரும். எவ்வளவு தூரத்து உறவிடமிருந்தும் வரலாம். இரண்டாவது, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் மரபணுவின் ஒரு பகுதியை, அதே மரபணுவின் இன்னொரு பிரதியால் மாற்றிக்கொள்வது. ஒத்த வரிசை மறுசேர்க்கை என்று இதைச் சொல்லலாம். இதற்கு இரண்டு டிஎன்ஏ துண்டுகளும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தி ஒட்டிக்கொள்ள வேண்டும். எழுத்துகள் வேறுபட வேறுபட ஒட்டுவது கடினமாகும். அந்தச் சரிவு செங்குத்தானது. வேறுபாடு சீராகக் கூடக்கூட, மறுசேர்க்கை மடங்கு மடங்காகக் குறைகிறது.

1989இல் பாரிஸில் ஓர் ஆய்வு நடந்தது. ஈ. கோலைக்கும் சால்மொனெல்லாவுக்கும் இடையே மறுசேர்க்கை மிக அரிதாகவே நடக்கும். ஆனால் டிஎன்ஏவில் பொருந்தாத எழுத்துகளைக் கண்டுபிடித்துத் திருத்தும் அமைப்பு ஒன்று செல்லுக்குள் உண்டு, அதைச் செயலிழக்கச் செய்துவிட்டால் தடை பெருமளவு விலகி, இரண்டும் கலக்கத் தொடங்குகின்றன என்று மிரோஸ்லாவ் ராட்மனின் குழு காட்டியது. அதாவது இரண்டு சிற்றினங்களுக்கு நடுவே நின்ற காவலாளி ஒரு பிழைதிருத்தி!

மென்பொருள்காரர்களுக்கு இது உடனே புரியும். கிட்டில் இரண்டு கிளைகளை அடிக்கடி இணைத்துக்கொண்டே இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஒத்தபடியே வளரும். சில மாதம் இணைக்காமல் விட்டுவிட்டால் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் குவியும். கான்ஃப்ளிக்ட் குவிந்தால் இணைக்க மனம் வராது. இணைக்காததால் இன்னும் விலகும். ஒரு கட்டத்தில் அவை இரண்டு தனித்தனி மென்பொருள்கள். ஆனால் அப்போதும் ஒன்றிலிருக்கும் ஒரு லைப்ரரியை மற்றது அப்படியே தூக்கி உள்ளே போட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. பாக்டீரியாவின் நிலைமை கிட்டத்தட்ட இதுதான். கிறிஸ்டோஃப் ஃபிரேசர், வில்லியம் ஹானிஜ், பிரையன் ஸ்பிராட் மூவரும் 2007இல் கணினி மாதிரிகளை வைத்து இதைப் பரிசோதித்தார்கள். மறுசேர்க்கை போதிய அளவு நடந்தால் அது ஒரு கூட்டத்தைச் சிதறவிடாமல் ஒட்டி வைக்கும் பசையாகிறது என்பது அவர்கள் முடிவு.

ஆக, மரபணுப் பரிமாற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு எதிரெதிர் விசைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று எல்லைகளைத் தாண்டுகிறது. மற்றது எல்லைகளை உருவாக்குகிறது. குவாமனின் நூலில் முதலாவதுக்குத்தான் எல்லா அத்தியாயங்களும், இரண்டாவது நிழலில் நிற்கிறது. அவர் எடுத்துக்கொள்ளும் மிகப் பழைய உதாரணத்தையே பாருங்கள். 1928இல் ஃபிரெடெரிக் கிரிஃபித், நோய் உண்டாக்காத நிமோனியா பாக்டீரியாவோடு, வெப்பத்தால் கொல்லப்பட்ட நோய் உண்டாக்கும் வகையைக் கலந்து எலிக்குச் செலுத்தினார். எலி செத்தது. உயிரோடிருந்த சாது, செத்த கொடியவனிடமிருந்து ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டிருந்தது. கிடைமட்டப் பரிமாற்ற வரலாற்றின் முதல் காட்சியாக இதைச் சொல்வது வழக்கம், குவாமனும் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டும் ஒரே சிற்றினம்! உறையை உருவாக்கும் மரபணுக்கள் உள்ளே நுழைந்ததும், இரு புறமும் இருந்த ஒத்த வரிசைகள் பிடித்துக்கொண்டதால்தான். எல்லைகள் உடைவதற்குச் சாட்சியாக நிறுத்தப்பட்ட பரிசோதனை, உண்மையில் ஒரு சிற்றினத்துக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலுக்குச் சாட்சி. உயிரியலாளர்களில் சிலர் இதைப் பாக்டீரியாவின் பாலுறவு என்றே சொல்கிறார்கள். அப்படிப் பார்த்தால் மேயரின் விளக்கம் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது.

95 என்பது வேதவாக்கா?

நான் மறுபக்கம் சாய்ந்துவிட்டேன் என்று தோன்றலாம். ஆகவே இந்த எண்ணையும் கொஞ்சம் உரசிப் பார்த்துவிடுவோம்.

95 எங்கிருந்து வந்தது? 1987இல் ஒரு நிபுணர் குழு, இரண்டு பாக்டீரியாக்களின் டிஎன்ஏ இழைகளைப் பிரித்துக் கலந்து சேரவிட்டால் 70 சதவீதத்துக்கு மேல் பிணைந்தால் ஒரே சிற்றினம் என்று பரிந்துரைத்தது. அந்த 70, அதற்கு முன்பே வழக்கத்திலிருந்த பெயர்களோடு பொருந்தும்படி எடுத்துக்கொள்ளப்பட்ட எண். ஏஎன்ஐ வந்தபோது, 70க்கு நிகரானது எது என்று பார்த்து 95 வந்தது. ஆக, பழைய பெயர்களை வைத்து எண்ணைத் தேர்ந்தெடுத்து, அந்த எண்ணை வைத்துப் பெயர்களைச் சரிபார்க்கிறோம். ஒரு சுற்று ஓடுகிறது. இதே அளவுகோலைப் பாலூட்டிகளுக்கு வைத்தால் நாமும் சிம்பன்ஸியும் ஒரே சிற்றினம், ஏனென்றால் ஒப்பிடக்கூடிய பகுதிகளில் நமக்குள் வேறுபாடு சுமார் 1.2 சதவீதம்தான்.

இரண்டாவது சிக்கல் தரவில் இருக்கிறது. கான்னர் மர்ரேயும் அவருடைய சகாக்களும் 2021இல் ஜெயின் குழுவின் முடிவைக் கேள்வி கேட்டார்கள். தரவுத்தளத்தில் இருப்பது இயற்கை அல்ல, நாம் பொறுக்கிச் சேர்த்தது. மருத்துவமனையில் தொல்லை தரும் சில பாக்டீரியாக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன, மண்ணிலும் கடலிலும் இருப்பவை ஒன்றிரண்டாக இருக்கின்றன. இப்படிப்பட்ட தொகுப்பில் இடைவெளி தெரியத்தானே செய்யும் என்பது அவர்கள் வாதம். முதல் தரப்பு அதற்கும் பதில் சொன்னது. ஒரே இடத்தில் எடுத்த நீரிலோ மண்ணிலோ உள்ள எல்லா டிஎன்ஏவையும் மொத்தமாக வரிசைப்படுத்தினாலும் கொத்துகள் தெரிகின்றன, அதில் நம் பொறுக்கலுக்கு இடமில்லை என்றது. விவாதம் நடக்கிறது. என் சாய்வு கொத்துகள் உண்மை என்ற பக்கம். 95 என்ற கோட்டைப் பற்றி அந்த அளவு உறுதி எனக்கில்லை. கடலில் மிதக்கும் புரோக்ளோரோகாக்கஸ் போன்றவற்றில், வோஸின் அளவுகோல்படி நெருங்கிய உறவாகத் தெரிபவை, முழுத் தொகையை ஒப்பிட்டால் வெகு தூரம் விலகி நிற்கின்றன. எல்லா ஊருக்கும் ஒரே வேலி பொருந்தாது.

ஒரு பொறியாளராக எனக்குப் படுவது இன்னொன்று. ஏஎன்ஐ பொருந்திய துண்டுகளை மட்டும் சராசரி எடுக்கிறது. பொருந்தாததைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. 39 சதவீதமும் 98 சதவீதமும் ஒரே உயிரைப் பற்றிய இரண்டு உண்மைகள். ஒன்றை மட்டும் சொல்பவர் சிற்றினமே இல்லை என்பார். மற்றதை மட்டும் சொல்பவர் சிக்கலே இல்லை என்பார். இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள ஒரு நூலுக்கு இடம் இருந்திருக்க வேண்டும்.

பெயரால் என்ன பயன்?

இதெல்லாம் வகைப்பாட்டாளர்களின் சண்டைதானே, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு இருக்கிறது.

சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். மரபணுத்தொகைப்படி அது ஈ. கோலைதான். ஒரு முறையல்ல, பல முறை ஈ. கோலையின் வெவ்வேறு கிளைகளிலிருந்து தனித்தனியாக எழுந்தது. செல்லுக்குள் ஊடுருவும் ஆற்றலைத் தரும் ஒரு பிளாஸ்மிட்டைப் பெற்று, தேவையற்ற சில மரபணுக்களை இழந்து, ஒரே வேடத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனாலும் தனிப் பேரினமாக, நான்கு சிற்றினங்களாகப் பெயர் நீடிக்கிறது. காரணம், மருத்துவருக்கு அந்தப் பெயர் ஒரு நோயைச் சொல்கிறது. ஆந்த்ராக்ஸ் கதையும் இப்படித்தான். பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் கொலைகாரன். பேசில்லஸ் சீரியஸ் பழைய சோற்றில் வளர்ந்து வயிற்றைக் கெடுப்பது. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பூச்சிக்கொல்லியாக வயலில் தெளிக்கப்படுவது. ஆந்த்ராசிஸின் கொடுமை முக்கியமாக இரண்டு பிளாஸ்மிட்களில் இருக்கிறது. சீரியஸ் என்று பெயரிடப்பட்ட ஒரு வகை, அவற்றில் ஒன்றைப் போன்ற பிளாஸ்மிட்டோடு மனிதரில் ஆந்த்ராக்ஸ் போன்ற நோயை உண்டாக்கியது 2004இல் பதிவாகியிருக்கிறது. கொலைகாரனின் ஆயுதம் கைமாறும், பெயர் கூடவே போவதில்லை.

2011இல் ஜெர்மனியில் நடந்தது இன்னும் கசப்பானது. ரத்தக் கழிச்சல் திடீரென்று பரவியது. முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மீது பழி விழுந்தது, அங்கே விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். கடைசியில் முளைகட்டிய பயிர்தான் காரணம் என்று தெரிந்தது. எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை நோக்கித் தடயங்கள் போயின. சுமார் 3,800 பேர் நோயுற்றார்கள், 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிருமி ஈ. கோலை, ஓ104:எச்4 வகை. குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வகை, வைரஸ் வழியாக ஷிகா நச்சின் மரபணுவைப் பெற்றிருந்தது. அதன் மரபணுத்தொகை சில நாட்களில் இணையத்தில் வெளியிடப்பட்டு, பல நாட்டு ஆய்வாளர்கள் திறந்த மென்பொருள் எழுதும் பாணியில் கூட்டாக அலசினார்கள். ஏஎன்ஐ கணக்கில் அது சந்தேகமில்லாமல் ஈ. கோலை. ஆனால் அந்தப் பதிலால் ஒரு நோயாளிக்கும் பயன் இருந்திருக்காது. தேவைப்பட்டது உதிரித் தொகையின் பட்டியல்.

நமக்கு இன்னும் நெருக்கமானது என்டிஎம்-1. புது டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு நோயாளியிடம் ஸ்வீடனில் கண்டறியப்பட்ட, கார்பபெனம் மருந்துகளைச் சிதைக்கும் நொதியின் மரபணு. முதலில் கிளெப்சியெல்லாவில் தெரிந்தது, அதே நோயாளியின் ஈ. கோலையிலும் இருந்தது. 2010இல் வெளியான ஆய்வில் சென்னையிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் எடுத்த மாதிரிகளில் அது காட்டப்பட்டபோது, ஊர்ப் பெயரை வைத்ததற்கு இந்தியாவில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. மருத்துவமனைச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றெல்லாம் பேசினோம். அந்தச் சண்டையில் முக்கியமான விஷயம் அமுங்கிப்போனது. எந்தப் பாக்டீரியா என்ற கேள்வியை விட, எந்த பிளாஸ்மிட், அது எங்கெல்லாம் போகிறது என்ற கேள்விதான் அவசரமானது.

இந்த இடத்தில் குவாமன் முழுக்கச் சரி. மருந்து எதிர்ப்பு எல்லை பார்க்காது, அதைச் சிற்றினப் பெயரை வைத்துத் துரத்த முடியாது என்று அவர் நூல் சொல்லும் எச்சரிக்கை இன்று இன்னும் கூடுதலாகவே பொருந்தும். ஆனால் அதற்காகச் சிற்றினத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. காசநோய்க் கிருமிக் கூட்டத்தைப் பாருங்கள். மனிதரைத் தாக்குவது, மாட்டைத் தாக்குவது என்று பல பெயர்கள், ஆனால் எழுத்துகள் 99.9 சதவீதத்துக்கு மேல் ஒன்று. வெளியிலிருந்து மரபணு வாங்கும் பழக்கம் அதற்குக் கிட்டத்தட்ட இல்லை. அதன் மருந்து எதிர்ப்பு தன் சொந்த மரபணுக்களில் நேரும் எழுத்துப் பிழைகளால் வருவது, தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவது. அங்கே மரம் சிக்குண்டு கிடக்கவில்லை, பாடப் புத்தகத்தில் வரைந்தது போல நேராக நிற்கிறது. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதைச் சுகாதாரத் துறையினர் அந்த மரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். இந்தியா போன்ற நாட்டில் அந்த மரம் உயிர்காக்கும் கருவி. எல்லா மரமும் சிக்கல் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டால் இதை எங்கே வைப்பது?

‘தி டேங்கில்ட் ட்ரீ’ வாசிக்க வேண்டிய நூல். வோஸின் அத்தியாயங்களுக்காக மட்டுமே வாசிக்கலாம். ஆனால் அது ஆளுமைகளின் கதை. சுவரை இடித்தவர்கள் நல்ல பாத்திரங்களாக அமைவார்கள். வேலிகள் எங்கே இருக்கின்றன, ஏன் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. எழுத்தாளருக்கு அவர்களிடம் கதை குறைவு. வாசகர் அந்தக் குறையை நிரப்பிக்கொண்டு வாசிக்க வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. ஒரு பாக்டீரியா யார் என்று கேட்டால் மையத் தொகையைக் காட்டலாம். அது என்ன செய்யும் என்று கேட்டால் உதிரித் தொகையைப் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்குத்தான் சிற்றினம் பதில். இரண்டாவது கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை என்பதற்காக அப்படி ஒன்று இல்லை என்று சொல்வது, முகவரி சொன்ன ஆளிடம் வருமானச் சான்றிதழ் இல்லையே என்று திருப்பி அனுப்புவது போன்றது.